பேசாத வேடம் அவனுக்கு வேண்டாம்

வாசகர் கேள்வி – டீச்சர் பதில்

இந்த மாதம் ஐந்து கடிதங்களை எடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பேச்சு திக்கும். ‘க’ வருகிற சொல் என்றால் அப்படியே நின்றுவிடுவான். பாடசாலை நாடகத்தில் அவனுக்கு மரமாக நிற்கிற வேடம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அழுதான். எந்நேரமும் போனில் மிஸ்டர் பீன் பார்க்கிறான். “அந்த ஆளுக்கும் திக்குமாம் அம்மா” என்கிறான். அது உண்மையா? வருகிற மாசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் கோமாளி வேடம் கட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எங்கள் வீட்டுக்காரர், “மிஸ்டர் பீன் மாதிரி வாய் திறக்காத கோமாளியாக விட்டுவிடுவோம், யாரும் கேலி செய்ய மாட்டார்கள்” என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், டீச்சர்?
– ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, உங்கள் மகன் சொன்னது உண்மைதான். மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சனுக்குத் திக்கல் உண்டு. அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வேறொரு ஆளாக மாறி நடிக்கும்போது அது போய்விடுகிறது என்பதையும் சொல்லியிருக்கிறார்.

ஆனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல மனதோடுதான் சொல்கிறார், பிள்ளையைக் காப்பாற்ற நினைக்கிறார், அது புரிகிறது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பேச்சு திக்குகிற மனிதர், பேச்சுக்குப் பயந்து, பேசாத வேடமாகப் பார்த்து எடுத்துக்கொண்டார் என்று பலரும் நினைக்கிறார்கள். எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது. மிஸ்டர் பீன் தொலைக்காட்சிக்கு வந்தது 1990 ஜனவரி 1, ஆங்கிலப் புத்தாண்டு அன்று. பிரித்தானியாவின் ஐடிவியில் அரை மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாக வந்தது. அன்றைக்கு அட்கின்சனுக்கு 35 வயது நிறைய இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதற்கு முந்திய பத்து வருடமும் தொலைக்காட்சியில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது பேச்சுத்தான். 1979இல் பிபிசியில் ‘நொட் த நைன் ஓ’கிளொக் நியூஸ்’ என்ற நையாண்டி நிகழ்ச்சி. 1983இலிருந்து 1989 வரை ‘பிளாக்அடர்’ என்ற நகைச்சுவைத் தொடர், அதில் பிளாக்அடராக வந்தவர் இவர்தான். அந்தப் பிளாக்அடர் நாக்காலேயே ஆளை வெட்டுகிறவன். மூச்சு விடாமல் நீள நீளமாக வசனம் பேசுவான். அதையெல்லாம் பேசியவர் திக்குகிற மனிதர்.

அவருக்கு இடறுகிற எழுத்து ஆங்கிலத்து ‘பி’ (B). அதை எப்படித் தாண்டினார் என்பதை உங்கள் மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர் அந்த எழுத்தை விழுங்கிவிட்டு ஓடவில்லை. உதட்டை இறுக்கி, அளவுக்கு மிஞ்சி அழுத்தி, பட்டென்று வெடிக்கிற மாதிரி சொல்லப் பழகினார். பிளாக்அடர் ‘பொப்’ என்று ஒரு பெயரைக் கூப்பிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லை அவர் உச்சரிக்கும் விதத்துக்கே ஆட்கள் சிரித்தார்கள். எந்த எழுத்து காலை வாரியதோ அதையே பிடித்துச் சிரிப்பாக்கிவிட்டார்.

1979இல் இன்னொன்றும் நடந்தது. அம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்புக்குப் பணம் சேர்க்க லண்டனில் நடந்த மேடை நிகழ்ச்சியில் அட்கின்சன் ஒரு வாத்தியாராக வந்து இடாப்பு வாசித்தார். ஒரு பெயர், அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். பெயர்களைச் சொல்லும் விதத்திலேயே சனத்தைச் சிரிக்க வைத்தார். திக்குகிற ஒருவருக்குப் பெயர் சொல்வதுதான் பெரிய கஷ்டம், தங்கச்சி. மற்றச் சொல் வராவிட்டால் வேறு சொல்லைப் போட்டுச் சமாளிக்கலாம். பெயருக்கு வேறு சொல் ஏது?

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயமில்லை. என் பெரியண்ணன் திக்குவார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுக்க, காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்துக்கு ஓடுவேன். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். அண்ணன் வாயைத் திறந்தபடி நிற்பார், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் வராது. அதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். ஆள் கண் முன்னால் நிற்கும், செக்ரோல் பதிவேட்டில் ஆள் இருக்காது. நம் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளத்தைப் ‘பேர்’ என்றுதானே சொல்கிறோம். வாயில் பேர் வராததால் கைக்கு வரவேண்டிய பேர் போன நாட்கள் அண்ணனுக்கு இருந்தன. சில நாள் அரைப் பேர் கிடைக்கும். எல்லாரும் ‘கொன்னை’ என்று கூப்பிட்டார்கள். நாங்களும் வீட்டில் அப்படிக் கூப்பிட்டிருக்கிறோம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

அதே அண்ணன் மாசி மாதக் காமன் கூத்தில் தூதன் வேடம் கட்டுவார். முகத்தில் அரிதாரம் ஏறி, தப்பு மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டால், ஒரு சொல் தடக்காது. விடிய விடியப் பாடுவார், வசனம் பேசுவார். காலையில் முகத்தைக் கழுவிவிட்டு வந்து “தேத்தண்ணி” என்று கேட்பதற்குள் ‘தே’யில் நின்றுவிடுவார். எங்கள் அப்பாயி அதைச் சாமி வருவது என்றே நம்பினார். பிறகு நான் ஆசிரியை ஆகி, படித்துத் தெரிந்துகொண்டேன். திக்குகிறவர்களில் அநேகம் பேருக்குப் பாடும்போது திக்காது. இன்னொருவரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போது திக்காது. தாளத்துக்குப் பேசும்போதும், வேறு ஆளாக நடிக்கும்போதும் குறைந்துவிடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத் திக்கல் இருக்கிறது. அது பயந்தாங்கொள்ளித்தனமும் இல்லை, புத்திக் குறைவும் இல்லை, வளர்ப்புப் பிழையும் இல்லை.

இப்போது உங்கள் மகனின் வேடத்துக்கு வருவோம். பேசாத கோமாளியாக ஆட வேண்டும் என்று அவனே ஆசைப்பட்டால் ஆடட்டும். அதுவும் லேசுப்பட்ட வேலை இல்லை, அடுத்த பதிலில் சொல்கிறேன். ஆனால் பெரியவர்கள் கூடி, ‘இவனுக்குப் பேச்சு வராது, அதனால் வாயைக் கட்டிவிடுவோம்’ என்று முடிவு செய்தால், பாடசாலையில் கொடுத்த மரத்தையே கூத்திலும் கொடுக்கிறோம் என்றுதான் ஆகும். அவன் கேட்டது கோமாளி. காமன் கூத்துக் கோமாளி பேசுகிறவன். இரதி மன்மதன் வேடக்காரர்கள் உடுப்பு மாற்றும் நேரமெல்லாம் கூத்து நடக்கிற பொட்டலைத் தாங்கிப் பிடிக்கிறவன் அவன்தான். அது தெரிந்துதான் பிள்ளை கேட்கிறான்.

கூத்து மாஸ்டரிடம் போய் இப்படிக் கேளுங்கள். கோமாளி முதலில் பாட்டோடு உள்ளே வரட்டும், வசனம் அதற்குப் பிறகு வரட்டும். தப்பு அடிக்கிற அண்ணன்மார் அவன் பேசும் இடங்களில் கையை நிறுத்தாமல் மெல்ல அடித்துக்கொண்டே இருக்கட்டும், அந்த அடிக்கு அவன் பேசட்டும். முதல் நாலு வரியை இன்னொரு பிள்ளையும் கூடவே சொல்லட்டும். ‘க’வில் நின்றால் நிற்கட்டும். அந்த நேரம் தப்பு மட்டும் ஓடட்டும். யாரும் அவனுக்காகச் சொல்லை முடித்து வைக்க வேண்டாம். வீட்டிலும் அப்படித்தான். “மெதுவாப் பேசு”, “மூச்சு விட்டுப் பேசு” என்று சொல்லாதீர்கள். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு, அவன் முடிக்கும் வரை காத்திருங்கள். அது ஒன்றே பெரிய உதவி. பேச்சுச் சிகிச்சை செய்கிறவர்கள் அரசாங்கப் பெரியாஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் கேட்டு, துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு நாள் பேர் போனாலும் பரவாயில்லை, போங்கள்.

பாடசாலையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நான் 31 வருடம் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவள். திக்குகிற ஒரு பெண்பிள்ளைக்குத் திரைச்சீலை இழுக்கிற வேலை கொடுத்தேன், அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு. அவள் மூன்று நாள் பயிற்சிக்கு வந்தாள், நாலாம் நாள் வரவில்லை. அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நீங்கள் உங்கள் மகனிடம் கேளுங்கள்.

கூத்துக்குக் கம்பம் நட இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இன்றைக்கே பாட்டைத் தொடங்குங்கள்.

கேள்வி: நான் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிறேன். மிஸ்டர் பீனை உதாரணமாக எழுதலாமா என்று கேட்டதற்கு, “முகத்தைக் கோணுவது சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டு” என்று வகுப்பில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். உங்கள் அபிப்பிராயம்?
– மாணவி, பண்டாரவளை

பதில்: எழுதுங்கள், மகள். தைரியமாக எழுதுங்கள். எதைப் பற்றி எழுத வேண்டும் என்றும் சொல்கிறேன். அந்த முதல் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் அதைப் பார்த்தது ஒரு சடங்கு வீட்டில். 1993ஆம் ஆண்டு. எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், அப்போது கரண்ட் இல்லை. டவுனிலிருந்து டிவியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு வந்தன. இஸ்தோப்புத் திண்ணையில் பாய் விரித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, விடிய விடியப் படம் பார்ப்போம். இரண்டு எம்.ஜி.ஆர் படத்துக்கு நடுவில் டெக் கொண்டுவந்த பையன் ஒரு கசெட்டைப் போட்டான். வெள்ளைக்காரப் படம், வேண்டாம் என்று இரண்டு பேர் சத்தம் போட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது.

நிகழ்ச்சியில் மூன்று துண்டு. முதலாவது பரீட்சை மண்டபம். பீன் பென்சில், பேனை, பொம்மை எல்லாவற்றையும் மேசையில் அடுக்குகிறார். தாளைப் பார்த்தால் அவர் படிக்காத கணக்கு. பக்கத்தில் இருப்பவரின் விடையை எட்டிப் பார்க்க எத்தனையோ வழி பார்க்கிறார். நேரம் முடிகிற இடத்தில்தான் தெரிகிறது, உறைக்குள் இன்னொரு தாள் இருந்திருக்கிறது, அதுதான் அவர் படித்துக்கொண்டு வந்த பாடம். இரண்டாவது கடற்கரை. பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பார்த்துவிடுவாரே என்று, காற்சட்டையைக் கழற்றாமலே அதற்கு மேலாக நீச்சல் உடுப்பைப் போட்டு, உள்ளே இருக்கிற காற்சட்டையை உருவி எடுக்கப் பாடுபடுகிறார். எல்லாம் முடிந்த பிறகு அந்த மனிதர் எழுந்து போகிறார். அவருக்குக் கண் தெரியாது. மூன்றாவது தேவாலயம். நடுப் பூசையில் தும்மல் வருகிறது, கைக்குட்டை இல்லை, கோட்டுப் பையின் உள்துணியை இழுத்து மூக்கைத் துடைக்கிறார். பிறகு தூக்கம். பிறகு ஒரு இனிப்பைச் சத்தமில்லாமல் பிரித்து வாயில் போடப் படுகிற பாடு. பாட்டு வரிகள் தெரியாமல் முணுமுணுத்துவிட்டு, ‘அல்லேலூயா’ வரும் இடத்தில் மட்டும் முழுத் தொண்டையில் பாடுகிறார்.

இதில் முகக் கோணல் எவ்வளவு என்று கணக்கெடுத்துப் பாருங்கள். கொஞ்சம்தான். மூன்று துண்டிலும் சிரிப்பை உண்டாக்குவது ஒரே விஷயம்: இன்னொரு ஆள் பக்கத்தில் இருக்கிறார், அவருக்குத் தெரியக் கூடாது. அந்த ஆளை எடுத்துவிட்டுப் பாருங்கள். தனி அறையில் ஒருவர் உடுப்பு மாற்றுவதில் என்ன சிரிப்பு இருக்கிறது? யார் பார்க்கிறார்கள் என்பதுதான் அந்த நிகழ்ச்சியின் கதை. நீங்கள் எழுத வேண்டியது இதைத்தான்.

அன்றிரவு கடற்கரைத் துண்டுக்கு அதிகம் சிரித்தவர்கள் எங்கள் பெண்கள். எனக்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை. தண்ணீர் விழுகிற பீலிக்கரையில், ஆட்கள் போகிற வருகிற பாதையோரத்தில், குறுக்குக்கட்டோடு குளித்து, ஈரத் துணியைக் கழற்றாமலே காய்ந்த துணிக்கு மாறத் தெரிந்தவர்கள் அவர்கள். பல்லில் ஒரு முனை, முழங்கையில் ஒரு முனை. ஒவ்வொரு நாளும் அதைச் செய்கிறவர்கள். அந்த வெள்ளைக்கார மனிதரின் கஷ்டம் அவர்களுக்கு ஒரு சொல்கூடத் தேவையில்லாமல் விளங்கியது. கடல் பார்க்காதவர்கள் பாதிப் பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

என் பெரியண்ணன் தேவாலயத் துண்டுக்குச் சிரித்தார். கண்ணீர் வழியச் சிரித்தார். உடம்பு தன் சொல் கேட்காத நேரத்தில், நாலு பேர் முன்னால், ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பார்க்கிறானே ஒருவன், அது அவருக்குத் தெரிந்த வேலை. பிரட்டுக்களத்தில் அவர் தினமும் செய்த வேலை.

நடிப்பின் நுட்பம் பற்றியும் ஒரு பத்தி வேண்டுமென்றால், அட்கின்சன் 1992இல் பிபிசிக்காகச் செய்த நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. கண்ணுக்கான நகைச்சுவை எப்படி உண்டாகிறது என்று அதில் ஒரு விரிவுரையாளரைப் போல விளக்கினார். ஒரு பொருளோ ஆளோ மூன்று விதத்தில் சிரிப்பைத் தரலாம்: எதிர்பாராத விதமாக நடந்துகொள்வது, இருக்கக் கூடாத இடத்தில் இருப்பது, அளவு பிழையாக இருப்பது. அவர் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்து, பிறகு ஒக்ஸ்போர்டில் மேற்படிப்புப் படித்தவர். யந்திரத்தைப் பிரித்துப் பார்க்கிற மாதிரி சிரிப்பையும் பிரித்துப் பார்க்கிறார். கடற்கரைக் காட்சியை ஒரு தரம் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நடு நடுவே அவர் அந்த மனிதரைப் பார்க்கிறார். எப்போது பார்க்கிறார், எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பே நல்ல ஒரு கட்டுரை ஆகும்.

கேள்வி: பீன் என்றால் போஞ்சிதானே? எங்கள் ஊரில் விளைகிற மரக்கறியின் பெயரை ஒரு மனிதருக்கு ஏன் வைத்தார்கள்? மொத்தம் எத்தனை பாகம் வந்தது?
– மரக்கறித் தோட்டக்காரர், வெலிமடை

பதில்: ஆமாம் ஐயா, அந்தக் குடும்பம்தான். பெயர் கடைசி நேரம் வரை முடிவாகவில்லை. மரக்கறிப் பெயராகவே தேடினார்கள், ‘மிஸ்டர் கோலிஃபிளவர்’ என்பதும் யோசனையில் இருந்தது. கோலிஃபிளவரும் உங்கள் பக்கத்தில் விளைவதுதான்.

தொலைக்காட்சியில் வந்த அரை மணி நேரப் பாகங்கள் 14. வீடியோ கசெட்டாக மட்டும் இன்னொன்று வந்தது. அவ்வளவுதான். 1990இல் தொடங்கி 1995இல் முடிந்துவிட்டது. உலகம் முழுக்கத் தெரிந்த அந்த மனிதர் தொலைக்காட்சியில் வாழ்ந்தது மொத்தமாக ஏழு மணித்தியாலம் என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கார்ட்டூனும் இரண்டு திரைப்படமும் பிறகு வந்தவை. இன்னொரு விஷயம்: எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பச்சை மினி கார் முதல் நிகழ்ச்சியில் இல்லை. அதில் வருவது செம்மஞ்சள் மினி. மூன்று சக்கர நீலக் கார் மட்டும் அன்றைக்கே வந்துவிட்டது, அன்றைக்கே அடியும் வாங்கிவிட்டது.

கேள்வி: காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று நமக்குக் கூத்து இருக்க, நம் பிள்ளைகள் வெள்ளைக்காரக் கோமாளியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நம் கோமாளியை யார் என்று கேட்டால் தெரியாது. இது வருத்தமாக இல்லையா?
– ஓய்வுபெற்ற கங்காணி, ஹட்டன்

பதில்: வருத்தம் எனக்கும் உண்டு ஐயா. பொட்டல் இருந்த இடத்தில் வீடு எழும்பிவிட்டது, மாஸ்டர்மார் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்கிறார்கள். ஆனால் அந்த வருத்தத்தைப் பீன் மேல் போட எனக்கு நியாயம் தெரியவில்லை.

1987இல் கனடாவின் மொன்றியல் நகரில் ஒரு நகைச்சுவை விழா நடந்தது. ஆங்கில மேடையும் இருந்தது, பிரெஞ்சு மேடையும் இருந்தது. அட்கின்சன் தன்னைப் பிரெஞ்சு மேடையில் போடச் சொல்லிக் கேட்டார். அவரிடம் பிரெஞ்சு வசனம் ஒன்றும் இல்லை. ஒழுங்கு செய்தவர்களுக்கு ஏன் என்று விளங்கவில்லை. தன் மொழி தெரியாத சனம் இந்த ஆளைப் பார்த்துச் சிரிக்குமா என்று அவர் சோதித்துப் பார்த்தார். இங்கிலாந்தின் வடக்கே ஒரு விவசாயி வீட்டில் பிறந்த மனிதர், தன்னை அறியாத சனத்தின் முன்னால் போய் நின்றார். நம் லயத்து இஸ்தோப்புக்கு அவர் வந்து சேர்ந்ததற்கு அந்தச் சோதனையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மேலே மாணவிக்கு எழுதிய மூன்று விதத்தையும் எங்கள் தோட்டத்துக் கோமாளித் தாத்தா எந்தத் தொலைக்காட்சியும் பார்க்காமல் செய்தார். பெரிய கங்காணியின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வருவார், கை நுனி முழங்காலைத் தொடும். கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, அதற்குள் புகுந்துகொண்டு, கூடை மட்டும் பொட்டலில் தானாக நடந்து வரும். குடையை மழைக்குப் பிடிக்காமல், மழை நின்ற பிறகு விரிப்பார். அவர் எப்படிக் காலை வைத்தார், எந்த இடத்தில் நின்று சனத்தைப் பார்த்தார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, படம் பிடித்து வைக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வலி. நீங்கள் கூத்துப் பார்த்த, ஆடிய தலைமுறை. உங்கள் தோட்டத்துக் கோமாளி செய்ததை நினைவிருக்கிற வரைக்கும் எழுதி எனக்கு அனுப்புங்கள் ஐயா. எழுதக் கஷ்டம் என்றால் பேரப் பிள்ளையின் போனில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நான் எழுதி எடுக்கிறேன்.

கேள்வி: நானும் என் நண்பர்கள் மூவரும் தோட்டத்தில் வைத்துப் பேச்சில்லாத நகைச்சுவை வீடியோக்கள் எடுக்கிறோம். கொழுந்து எடுப்பவர்கள், வயதானவர்கள், தமிழைச் சிங்களம் கலந்து பேசுகிறவர்கள் போல நடித்தால் நிறையப் பேர் பார்க்கிறார்கள். ஆனால் சிலர் ஏசுகிறார்கள். எப்படி எடுத்தால் நல்லது?
– இளைஞர், தலவாக்கலை

பதில்: தம்பி, ஏசுகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நடு முதுகில் கயிறு அழுத்த மலையேறுகிற அம்மாவின் நடையைச் செய்து காட்டினால், பார்க்கிறவர் அந்த அம்மாவைப் பார்த்துத்தான் சிரிக்கிறார். பீனை நன்றாகக் கவனியுங்கள். அவர் யாரைப் போலவும் செய்து காட்டுவதில்லை. அகப்பட்டுக்கொள்கிறவர் பெரும்பாலும் அவரே. கண் தெரியாத மனிதரை வைத்து எடுத்த காட்சியில்கூட, சிரிப்பு அந்த மனிதர் மேல் ஒரு துளி விழவில்லை. பீனின் பயத்தின் மேல்தான் முழுவதும் விழுகிறது. அது தற்செயலாக வந்ததில்லை, அப்படி அமைத்திருக்கிறார்கள்.

உங்களில் ஒருவரே மாட்டிக்கொள்கிற ஆளாக இருங்கள். சின்ன விஷயம் போதும். புதுச் சப்பாத்தோடு வேலை தேடிப் போகிறவன், லயத்துக்கு முன்னால் சேறு. பஸ்ஸில் தூங்கிவிட்டவன், தலை பக்கத்தில் இருக்கிற பெரியவர் தோளில் சாய்ந்துகொண்டே போகிறது. சாமிமலைப் பாதையில் அந்த பஸ் எத்தனை வளைவு திரும்பும் என்று எண்ணுங்கள், அத்தனை சிரிப்பு இருக்கிறது. ஒரு காட்சிக்கு ஒரு சங்கடம் மட்டும் வையுங்கள். அதைத் தீர்க்க அவன் எடுக்கிற ஒவ்வொரு வழியும் முந்தியதைவிட மோசமாக முடியட்டும்.

எடுத்ததை உடனே போடாதீர்கள். மாலையில் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குக் கொண்டு போங்கள். களைத்துப் போய், கூடையை இறக்கி வைத்துவிட்டு, தராசுக்காகக் காத்து நிற்கிற நாலு பெண்களிடம், ஒன்றும் சொல்லாமல் போனை நீட்டுங்கள். அவர்கள் இரண்டாம் தரம் போடச் சொன்னால், அந்த வீடியோவைப் போடலாம்.